உலகம்மாள் வீட்டுக் காவல் எலி

நம்புகிறவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். நம்பாதவர்கள் கதவோரமாக உட்காரலாம். எலி போகிற வழி அதுதான், காலை மட்டும் மடக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அம்பாசமுத்திரத்தில் வேலாயுதம் என்று ஒரு கருப்பட்டி வியாபாரி. முன்கட்டில் கடை, நடுவில் சரக்கு அறை, பின்கட்டில் வீடு. கருப்பட்டியும் மண்டைவெல்லமும் கூரை முட்ட அடுக்கியிருக்கிற இடத்தில் என்னென்ன குடியிருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எறும்புக்கு அது மாமியார் வீடு. எலிக்குப் பிறந்த வீடு. கரப்பானும் பல்லியும் கொசுவும் விருந்துக்கு வந்துவிட்டுப் போக மனமில்லாமல் தங்கிவிட்டதுகள்.

வேலாயுதத்தின் மனைவி உலகம்மாள் இதுகளோடு மல்லுக்கட்டியே பாதி ஆயுளைக் கழித்தவள். அரிசிப் பானையில் வசம்புத் துண்டு, பருப்பு டப்பாவில் காய்ந்த வேப்பிலை, சர்க்கரையில் நாலு கிராம்பு, துணி அலமாரியில் பூச்சி உருண்டை. எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லைச் சும்மா வைத்தால் எலி திரும்பிக்கூடப் பார்க்காது, அடுப்பில் வாட்டி வைக்க வேண்டும் என்று அந்தத் தெருவுக்கே சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். தெருவில் எல்லார் வீட்டிலும் எலி ஒழிந்தது. ஒழிந்த எலியெல்லாம் எங்கே போயிற்று என்றால், உலகம்மாள் வீட்டுக்குத்தான் வந்தது.

எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு மருந்து வைத்திருந்த உலகம்மாளிடம் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் மருந்து இல்லை. அது அவள் தம்பி தங்கப்பழத்தின் வாய்.

தங்கப்பழம் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவன். கல்யாண வீடுகளில் பந்தல் போட்ட நேரம் போக மீதி நேரமெல்லாம் அந்தப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து அளந்துகொண்டிருப்பான். ஆள் கெட்டவன் இல்லை. அக்காள் மகள் செண்பகத்தின் மேல் உயிரையே வைத்திருந்தான். அதுதான் வினை. முதலில் வந்த சம்பந்தக்காரர்களிடம், "எங்க செண்பகம் ஒரு கோட்டை நெல்லு மூட்டைய ஒத்தக் கையால தூக்கித் தலைக்கு மேல சுத்துவா" என்று பெருமையாகச் சொன்னான். மாப்பிள்ளை பையன் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவன் பஸ் ஏறிவிட்டான். அடுத்து வந்தவர்களிடம், பாபநாசம் அணை உடையப் போன அன்றைக்குச் செண்பகம்தான் முதுகைக் கொடுத்து நின்றாள் என்றான். அவர்கள் காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள்.

இப்போது சுரண்டையிலிருந்து ஒரு இடம் வந்திருந்தது. மாப்பிள்ளை பெயர் சற்குணம். கரண்டு ஆபீசில் வேலை. போட்டோவைக் காட்டியபோது செண்பகம் வழக்கம்போல "சரி, பாத்தாச்சு" என்று திருப்பித் தரவில்லை. டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகும்போது பையில் வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். உலகம்மாளுக்கு அதைப் பார்த்ததும் வயிற்றில் பாலும் வார்த்தது, புளியும் கரைத்தது. இந்தச் சம்பந்தமும் தட்டிப்போனால் பெண்ணின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

பெண் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"ஏலே தங்கப்பழம், இன்னைக்கு நீ ஒரு வார்த்தை பேசப்பிடாது."

"யாருக்கா, நானா? நான் எங்க பேசுதேன்? போன மாசம் பூரா பேசாம இருந்ததுல என் நாக்குல பாசி படிஞ்சு, டாக்டரு சுரண்டி எடுத்தாரு."

"பாத்தியா, பாத்தியா! இந்தா, வெத்தலை. நாலு எலையா மடிச்சு வாயில அடக்கிக்கோ. அவிய போற வரைக்கும் முழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது."

தங்கப்பழம் வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு, கன்னம் ஒருபக்கம் புடைக்க, மூலையில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். வீடு பளபளவென்று இருந்தது. உலகம்மாள் விடியற்காலமே எழுந்து சுவர் ஓரமெல்லாம் மஞ்சள்பொடி தூவி, சாக்கடை ஓட்டையை அடைத்து, கற்பூரம் கொளுத்தி, வீட்டை ஒரு கோயில் மாதிரி ஆக்கியிருந்தாள்.

பத்து மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை சற்குணம், அவன் அப்பா ஞானதிரவியம், பிறகு அத்தை சொர்ணம். அம்மா இல்லாத பிள்ளையை வளர்த்தது அந்த அத்தைதான் என்பதால் அவள் சொல்தான் அந்த வீட்டில் சட்டம். ஒல்லியான உருவம். நீளமான மூக்கு. வந்து உட்கார்ந்ததும் தண்ணீர் டம்ளரைத் தூக்கி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு விரலால் ஜன்னல் கம்பியைத் தடவிப் பார்த்தாள். சிரிப்பு என்கிற ஒன்றை அந்த முகம் கண்டதே இல்லை போலிருந்தது.

"வீடு சுத்தமா இருக்கு மதினி" என்றாள். "கருப்பட்டிக் கடை வீடுன்னு சொன்னாவளே, எலி கிலி உண்டோன்னு நெனச்சேன்."

"எலியா? நம்ம வீட்டுலயா?" என்றார் வேலாயுதம்.

சொல்லி வாயை மூடவில்லை. டி.வி. பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு எலி வந்தது. ஓடி வந்திருந்தால்கூட நிழல் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். அது நடந்து வந்தது. கீரிப்பிள்ளை அளவுக்கு ஒரு பெருத்த எலி, கூடத்துக்கு நட்டநடுவில் வந்து நின்று, மீசையைத் துடைத்து, சொர்ணத்தம்மாளை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு கதவோரமாகப் போய்விட்டது.

வேலாயுதம் மோட்டுவளையைப் பார்த்தார். உலகம்மாள் தம்பியைப் பார்த்து வாயில் விரலை வைத்தாள்.

"அது என்னது?" என்றாள் சொர்ணம்.

மூலையில் 'களுக்' என்று ஒரு சத்தம். நாலு இலை வெற்றிலையும் தங்கப்பழத்தின் தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

"மதினி, மெல்லப் பேசுங்க. எலின்னு சொன்னா அதுக்கு வருத்தமா போயிரும். அது காவல்."

"காவலா?"

"காவல் எலி. இந்தத் தெருவுல ஒரு காலத்துல எலித்தொல்லை எப்பிடி இருந்துச்சுங்கிய? பூனையெல்லாம் வீட்டுக்குள்ள வந்து கதவத் தாப்பாப் போடுங்கன்னு அழும். கடைசில பொறுக்க முடியாம ஊருல உள்ள பூனை அம்புட்டும் மூட்டை முடிச்சோட செங்கோட்டைப் பாசஞ்சர்ல ஏறிப் போயிட்டு. நான் ஸ்டேஷன்ல நின்னு கையாட்டி அனுப்புனேன்."

இதுவரை வாயே திறக்காத ஞானதிரவியம், "டிக்கெட் எடுத்துச்சா?" என்று கேட்டார்.

"எடுக்காமயா? குட்டிக்கு அரை டிக்கெட்."

உலகம்மாள் கண்ணால் எரித்தாள். தங்கப்பழம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அணை திறந்தாயிற்று.

"அக்கா சொல்லிக்குடுத்த மாதிரி தேங்காச் சில்ல வாட்டிப் பொறியில வச்சேன். விடிஞ்சு பாத்தா பொறிக்குள்ள ஒரு எலி. பொறிக்கு வெளிய, வாசல் தாண்டித் தெருமுக்கு வரைக்கும் வரிசை கட்டி எலி நிக்கி. வாசனை அப்பிடி. 'அடுத்த ஆளு வரலாமா, அடுத்த ஆளு வரலாமா'ன்னு ஒரே கூச்சல். தேங்கா தீந்துபோச்சுன்னேன். எலிங்களே தோப்புக்குப் போயி, தேங்கா பறிச்சு, உரிச்சு, உடைச்சு, துருவிக் கொண்டாந்து வச்சுட்டு. அக்கா அன்னைக்கு அதுலதான் சட்னி அரைச்சா."

"துருவியா?" என்றாள் சொர்ணம்.

"பல்லு எதுக்கு இருக்கு மதினி? அதுல ஒரு பெருசு, மீசை நரைச்ச எலி. அதோட உக்காந்து பேசி முடிச்சேன். ஒரே ஒரு எலி இந்த வீட்டுல இருக்கலாம், மத்த எலி உள்ள வராம அது பாத்துக்கிடணும். அன்னையில இருந்து இந்த வீட்டுல வேற எலி கிடையாது. இப்ப போச்சுல்லா, அது ரோந்து."

அந்த நேரம் பார்த்து டி.வி. பெட்டிக்குப் பின்னாலிருந்து இன்னொரு எலி வந்து, முன்னது போன வழியிலேயே போனது.

"அப்ப அது?"

தங்கப்பழம் கண்ணைக்கூட இமைக்கவில்லை. "ஷிப்டு மாறுது."

மாப்பிள்ளை சற்குணம் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டான். தும்மலா வேறு ஏதாவதா என்று உலகம்மாளுக்குத் தெரியவில்லை. பேச்சை மாற்றுகிற அவசரத்தில் உள்ளே ஓடிப்போய்க் கேசரித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

சொர்ணம் தட்டை மூக்குக்குக் கிட்டே தூக்கிப் பார்த்தாள். "கேசரியில நீங்க கருப்பு எள்ளு போடுவியளோ?"

"எள்ளா?" என்று உலகம்மாள் கேட்கும்போதே எள் நடக்க ஆரம்பித்தது. முந்திரிப்பருப்பு ஒன்றைத் தலையில் தூக்கிக்கொண்டு தட்டின் விளிம்பில் இறங்கிப் போயிற்று. உலகம்மாள் தட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். மஞ்சள்பொடி அவ்வளவு போட்டும் எந்த வழியாக வந்தது என்றே அவளுக்குப் புரியவில்லை.

"மதினி, எறும்பு விஷயத்துல தப்பு எம்மேல" என்றான் தங்கப்பழம்.

உலகம்மாள் நிமிர்ந்தாள். தம்பி வாயிலிருந்து ஒரு உண்மை வரப்போகிறதோ என்று ஒரு நொடி ஏமாந்துவிட்டாள்.

"அக்கா மஞ்சப்பொடியில ஒரு விரக்கடை அகலத்துக்குக் கோடு போடுவா. அது பத்துமா? நான் ஒரு மூட்டை மஞ்சப்பொடி வாங்கி வீட்டச் சுத்தி ஒரு முழ அகலத்துக்குக் கொட்டிட்டேன். வெளிய உள்ள எறும்பு உள்ள வரல. நல்லது. உள்ள உள்ள எறும்பு எப்பிடி வெளிய போவும்? அத நான் யோசிக்கல. அதுகளுக்குக் கோவம் வந்துட்டு. மத்தியானம் அத்தான் சரக்கு ரூம்ல கருப்பட்டி மூட்டை மேல சாஞ்சு அசந்து தூங்குதாவ. எறும்பு அம்புட்டும் கூட்டம் போட்டுப் பேசி, அத்தானத் தூக்கிட்டு வந்து மஞ்சக் கோட்டுக்குக் குறுக்க பாலமா போட்டுட்டு. தலை உள்பக்கம், காலு வெளிப்பக்கம். அவிய வயித்து மேல ஏறி ஒவ்வொண்ணா அந்தப் பக்கம் போயிட்டு."

"பெறகு?" என்றார் ஞானதிரவியம், நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு.

"நன்றி உள்ள ஜாதில்லா! பாலத்த அப்பிடியே போட்டுட்டுப் போவுமா? அத்தானையும் கருப்பட்டி மூட்டையையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிட்டு. ஆத்துப்பாலம் தாண்டி, கல்லிடைக்குறிச்சி தாண்டி... அங்கன ரயில்வே கேட்டு அடைச்சிருந்துச்சு. அதனால நின்னுச்சு. இல்லன்னா அத்தான் இந்நேரம் தூத்துக்குடியில கப்பல் ஏறியிருப்பாவ."

சொர்ணம் மெல்லத் திரும்பி வேலாயுதத்தைப் பார்த்தாள். "நெசமா அண்ணாச்சி?"

வேலாயுதம் தராசு பிடிக்கிற மனுஷன். ஒரு குண்டுமணி கூடவும் போட மாட்டார், குறையவும் போட மாட்டார். மைத்துனனைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"எனக்குத் தெரியாதும்மா. நான் தூங்கிட்டு இருந்தேன்."

"பாத்தியளா மதினி, அம்புட்டுப் பதமாத் தூக்கிருக்கு!"

சற்குணம் கழுத்தில் படீரென்று ஒரு அடி அடித்துக்கொண்டான். கையை எடுத்துப் பார்த்தால் நடுவில் ஒரு கொசு, நசுங்கி. தங்கப்பழம் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"இளைச்சுப்போச்சு மாப்ளே. இதோட தாத்தாவ நீங்க பாத்திருக்கணும். நொச்சி எலையும் வேப்பம்புண்ணாக்கும் போட்டு மூட்டம் போட்டா கொசு ஓடிரும்பாவ. நான் போட்ட மூட்டத்துல கொசுவுக்கெல்லாம் இருமல் புடிச்சுக்கிட்டு. வீடு பூரா லொக்கு லொக்குன்னு ஒரே சத்தம். அக்காவுக்கு எளகுன மனசு. சுக்குக் கசாயம் வச்சுக் குடுத்துட்டா. அதக் குடிச்சதுல ஒரு கொசு தேறி, இந்தா, இந்த ஒசரத்துக்கு வளந்துட்டு." இடுப்புக்கு நேரே கையை நீட்டிக் காட்டினான். "வளந்த பெறகு அதுக்கு வெக்கம் வந்துட்டு. கொசுவலைய உருவி இடுப்புல சுத்திக்கிட்டு நிக்கி."

"அய்யய்யே" என்றாள் சொர்ணம். முகம் மட்டும் அப்படியே இருந்தது.

"ஃபேன அஞ்சாம் நம்பர்ல வச்சேன், பறந்து போவட்டும்னு. அது அசையல. எதுக்க நின்னு றெக்கைய அடிச்சுது பாருங்க, அந்தக் காத்துல ஃபேன் பின்னால சுத்த ஆரம்பிச்சுட்டு. ஃபேன் பின்னால சுத்தவும் மீட்டரும் பின்னால ஓடுது. இங்க இருந்து கரண்டு திரும்பிப் போயி, தெருவுல உள்ள லைட்டு பூரா பட்டப்பகல்ல எரியுது!"

"மாமா" என்றான் சற்குணம், முதல் தடவையாக வாயைத் திறந்து. "ஃபேன் பின்னால சுத்துனா மீட்டர் பின்னால ஓடாது. அது என் வேலை, எனக்குத் தெரியும்."

"எந்த ஊரு ஆபீசு மாப்ளே நீங்க?"

"சுரண்டை."

"அதான். அங்க கொசு சின்னது."

உலகம்மாளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. காபி எடுத்து வருகிறேன் என்று அடுக்களைக்குள் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள். கண் கலங்கிவிட்டது. போயிற்று, இதுவும் போயிற்று. மூன்றாவதும் காபி குடிக்காமல் எழுந்து போகப் போகிறது. செண்பகம் பட்டுச்சேலையில் அடுப்பருகே நின்று டம்ளர்களில் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"உங்க மாமனப் போயி நாந்தான் வரச்சொன்னேன் பாரு, என்னச் சொல்லணும். நீ கவலப்படாத தாயி. இது இல்லன்னா வேற..."

"வேற வேண்டாம்" என்றாள் செண்பகம், காபியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

உலகம்மாள் மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினாள்.

"நான் கதவிடுக்குல பாத்துக்கிட்டுத்தான் நிக்கேன். மீட்டர் பின்னால ஓடாதுன்னு சொல்லும்போது அவியளுக்குச் சிரிப்பு அடக்க முடியல. ஆனாலும் மாமாவ ஒரு வார்த்தை எடுத்தெறிஞ்சு பேசலம்மா. அந்த அத்தை எந்திரிச்சுப் போறதா இருந்தா முதல் எலிக்கே போயிருப்பாவ. மாமா பேசட்டும், விடு."

தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் கூடத்துக்குப் போனாள். உலகம்மாள் பின்னாலேயே போனாள், கோயில் யானைக்குப் பின்னால் போகிற ஆள் மாதிரி.

செண்பகம் காபியை நீட்டினாள். சொர்ணம் டம்ளரை எடுக்கப் போன நேரத்தில் சுவரிலிருந்து ஒரு கரப்பான் பறந்து வந்து தட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தது. தங்கப்பழம் தொண்டையைக் கனைத்தான். "மதினி, இந்தக் கரப்பான் இருக்கே, இது யாருன்னு நெனச்சிய..."

சொர்ணம் கையைத் தூக்கி அவனை நிறுத்தினாள். "பொறுங்க அண்ணாச்சி. பொண்ணு சொல்லட்டும். ஏம்மா, கரப்பானுக்கு நீ என்ன செய்வ?"

"அடிப்பேன்."

சொன்ன கையோடு பக்கத்தில் கிடந்த விளக்குமாற்றை எடுத்து ஒரே போடு. தட்டில் ஒரு சொட்டுக் காபி சிந்தவில்லை.

"அவ்வளவுதானா?"

"அடுப்படியத் துடைச்சு ஈரமில்லாம வைப்பேன். எச்சில் பாத்திரத்தப் போட்டு வைக்க மாட்டேன். சாக்கடை ஓட்டையில வலை வச்சு அடைப்பேன். அப்பமும் ஒண்ணு ரெண்டு வரும். அடிப்பேன்."

"ம்" என்றாள் சொர்ணம், டம்ளரை எடுத்துக்கொண்டு. அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று உலகம்மாள் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கும்போதே உத்தரத்திலிருந்து 'பொத்'தென்று ஒரு பல்லி விழுந்தது. நேராகச் சொர்ணத்தம்மாளின் வலது தோளில்.

வேலாயுதம் பஞ்சாங்கத்தைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடினார். சொர்ணம் அசையாமல் உட்கார்ந்து பல்லியைப் பார்த்தாள். பல்லியும் அவளைப் பார்த்தது. பிறகு அது இறங்கி ஓடியது.

"இதுவும் காவலா அண்ணாச்சி?"

"இல்ல மதினி" என்றான் தங்கப்பழம், குரலைத் தாழ்த்தி. "அது தாயி. புள்ளையத் தொலைச்ச தாயி. அது பெரிய சோகம். அதச் சொன்னா நீங்க தாங்க மாட்டிய."

"சொல்லுங்க, தாங்குதேன்."

"பல்லிக்கு என்ன மருந்து? முட்டை ஓட்டக் கட்டித் தொங்கவிட்டா பல்லி வராதும்பாவ. நானும் இந்த உத்தரம் பூரா வரிசையாத் தொங்கவிட்டேன். அந்தப் பல்லி வந்து பாத்துச்சு. பயப்படல. 'அய்யோ, எந்தத் தாயி பெத்துப் போட்டுட்டுப் போச்சோ'ன்னு மனசு கேக்காம ஏறி உக்காந்து அடைகாக்க ஆரம்பிச்சுட்டு."

"வெறும் ஓட்டையா?"

"வெறும் ஓடுதான். அதுக்கு என்ன தெரியும்? பாசம். நாள் கணக்கு முடிஞ்சதும் ஓடு விரிஞ்சு குஞ்சு வந்துட்டு."

"என்ன குஞ்சு?" ஞானதிரவியம் இப்போது நாற்காலியின் நுனியில் இருந்தார்.

"கோழிக்குஞ்சு அண்ணாச்சி. ஆனா வளக்குறது பல்லில்லா? பொறந்த அன்னைக்கே சுவத்துல ஏறிட்டு. தலகீழா உத்தரத்துல நடக்கும். கொசுவ நாக்க நீட்டிப் புடிக்கும். நாம பேசும்போது 'கொக்கரக்கோ'ன்னு கூவாது. 'ச்சு ச்சு ச்சு'ங்கும். பெருசாகி, பொட்டைக் கோழியாச்சு. மேல உத்தரத்துலதான் முட்டை போடும். காலையில நான் ஏணி வச்சு ஏறித்தான் எடுக்கணும்."

"உத்தரத்துல போட்டா முட்டை கீழ விழுந்து உடையாதா?" என்றாள் சொர்ணம்.

"பல்லி முட்டை விழுதா மதினி? ஒட்டிக்கிடும்லா?"

சொர்ணம் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தாள். "சரி, அந்தக் கோழியக் காட்டுங்க. பாப்போம்."

செண்பகம் தலையைக் குனிந்துகொண்டாள். சற்குணத்தின் தோள் இரண்டும் குலுங்கின. மாட்டிக்கொண்டான் என்று உலகம்மாள் நினைத்தாள்.

"எங்க காட்ட?" என்றான் தங்கப்பழம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒரு நாள் குழம்பு வைக்கலாம்னு சும்மா ஒரு எட்டு புடிக்கப் போனேன். வாலக் கழட்டிப் போட்டுட்டு ஓடிட்டு. வாலு மட்டும் துள்ளித் துள்ளி ஆத்துப்பக்கமாப் போச்சு. அன்னையில இருந்து அந்தத் தாய்ப் பல்லி, வாற ஆளு தோள்ல எல்லாம் விழுந்து விழுந்து புள்ளையத் தேடுது."

சொர்ணம் காபி டம்ளரை 'ணங்'கென்று கீழே வைத்தாள். எழுந்திருக்கப் போகிறாள் என்று உலகம்மாள் நினைத்தாள். அவள் எழுந்திருக்கவில்லை. திரும்பி உட்கார்ந்து உலகம்மாளை நேருக்கு நேர் பார்த்தாள்.

"மதினி, இந்த ஊர்ல உங்களப் பத்தி விசாரிச்சோம். கேட்ட எடத்துல எல்லாம் ஒண்ணுதான் சொன்னாவ. உலகம்மா வாயில பொய் வராதுன்னு. இப்ப நீங்க சொல்லுங்க. உங்க தம்பி சொன்னதெல்லாம் நெசமா?"

எல்லார் கண்ணும் அவள் மேல். பஞ்சாங்கத்தோடு வந்த வேலாயுதம் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். தங்கப்பழத்தின் முகத்தில் அத்தனை நேரமும் இருந்த தெம்பு வடிந்து, சின்ன வயசில் மாங்காய் திருடி மாட்டிக்கொண்டபோது அக்காளைப் பார்ப்பானே, அந்தப் பார்வை வந்துவிட்டது. நெசம் என்றால் பொய்யாகும். பொய் என்றால், பொய்யனை நடுவில் வைத்துக்கொண்டு பெண் கொடுக்க வந்த குடும்பம் என்றாகும். உலகம்மாள் செண்பகத்தைப் பார்த்தாள். செண்பகமோ சற்குணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சற்குணம் செண்பகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு ஒரே மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

உலகம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"பொய் மதினி" என்றாள்.

தங்கப்பழம் காற்றுப் போன பந்து மாதிரி நாற்காலியில் அமுங்கினான்.

"கடைசில சொன்னான் பாத்தியளா, அது பொய். வாலு ஆத்துக்கா போச்சு? அவனுக்கு என்ன தெரியும், பந்தல் போடப் போயிட்டான். வாலு இங்கனதான் கெடந்துச்சு. தூத்துத் தள்ளலாம்னு நான் விளக்குமாத்த எடுத்தேன். அந்த வாலு எங்கையில இருந்து விளக்குமாத்த வாங்கி, 'நீங்க உக்காருங்கக்கா'ன்னு சொல்லிட்டு, தானே வீட்டக் கூட்ட ஆரம்பிச்சுட்டு."

உலகம்மாளுக்கே தன் வாயை நம்ப முடியவில்லை. ஆனால் அது நிற்கிற மாதிரியும் தெரியவில்லை.

"வீடு சுத்தமா இருக்குன்னு சொன்னியள்லா? எல்லாம் அந்த வாலு பாக்குற வேலைதான். கோலம் போடும். ஒட்டடை அடிக்கும். கோழி எறகுல்லா, மூலை முடுக்கெல்லாம் பூந்து வரும். சாமான் துலக்கிக் கவுத்து வைக்கும். செண்பகத்துக்குச் சீர் வரிசையில அதையும் சேத்து அனுப்பிரலாம்னு இருக்கேன். அன்னைக்கு மாப்பிள்ளை போட்டோவக் கொண்டாந்து காட்டுனோம். பொண்ணு தலைய ஆட்டுறதுக்கு முன்னாலயே வாலு ஆட்டிட்டு மதினி."

முதலில் சிரித்தது ஞானதிரவியம். சிரிக்கிற பழக்கம் இல்லாததால் அது பழைய கதவு திறக்கிற மாதிரி வந்தது. அதைக் கேட்டுச் சற்குணம் கைக்குட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வெடித்துச் சிரித்தான். செண்பகம் காலித் தட்டால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். தங்கப்பழம் எழுந்து அக்காளையே பார்த்தபடி நின்றான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. நாற்பது வருஷம் கூடப் பிறந்து கூட வளர்ந்தும் இந்த ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்கிற பார்வை.

சொர்ணத்தம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்து முடித்தாள். உலகம்மாளின் மூச்சு அப்போதுதான் திரும்பி வந்தது.

"ஆவணியில நல்ல நாளாப் பாத்துச் சொல்லி விடுங்க அண்ணாச்சி" என்று வேலாயுதத்திடம் சொல்லிவிட்டு எழுந்தாள். "நாங்க கெளம்புதோம்."

"சாப்பிடாமயா?" என்று பதறினாள் உலகம்மாள். "எலை போட்டாச்சே மதினி! சொதி வச்சிருக்கேன்."

"இன்னொரு நாள் வாறோம். இப்ப நேரமாச்சு. எங்க வீட்டுச் சாவிய எலிகிட்ட குடுத்துட்டு வந்திருக்கோம். நாங்க போயி வாங்குனாத்தான் அது சந்தைக்குக் கெளம்பும்."

தங்கப்பழத்துக்கு அதைப் பொறுக்க முடியவில்லை. வாசல் வரைக்கும் பின்னாலேயே போனான்.

"எலிகிட்ட சாவியா? என்ன மதினி இது! பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா?"

சொர்ணத்தம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"பெறகு? கரப்பான்கிட்டயா குடுக்கச் சொல்லுதிய? அதுக்குப் பொறுப்பு பத்தாது."